டைரக்ட் இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்: இன்ஜெக்டரைக் கழற்றும் முன்பும் பின்பும்

வண்டி ஐடிலில் உதறுகிறது, பிக்கப் இல்லை, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. உடனே "இன்ஜெக்டர் போச்சு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சில நேரம் அது உண்மைதான், என் வண்டியில் உண்மையாகவே இருந்தது. ஆனால் பெட்ரோலைத் தெளிக்கும் இந்த இன்ஜெக்டரைச் சந்தேகப் பட்டியலில் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் அதைக் கழற்றுவதுதான் இருப்பதிலேயே பெரிய வேலை.

இன்டேக் வால்வுக்கு வெளியே பெட்ரோல் தெளிக்கும் பழைய போர்ட் இன்ஜெக்ஷனில் எரிபொருள் அழுத்தம் 3, 4 பார்தான் (பார் என்பது அழுத்த அளவு). நேராக எரியும் அறைக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷனில் அது 200 பார் வரை போகும், புது இன்ஜின்கள் சிலவற்றில் 350. இன்ஜெக்டரின் முனை எரியும் அறைக்குள்ளேயே இருப்பதால் அதில் கரி படிகிறது. இன்னொன்று, இந்த இன்ஜெக்டர்கள் டிக் டிக் என்று சத்தம் போடும். அது இயல்பு, பயப்படாதீர்கள்.

முதலில் ஸ்கேனர்

ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, அது காட்டும் பிழைக் கோடை (குறியீட்டை) படியுங்கள். மலிவான புளூடூத் ஸ்கேனர் போதும், ஆனால் ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தை நேரலையாகக் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத ஸ்கேனர் இந்த வேலைக்குப் பாதிதான் உதவும்.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது அங்கே பெட்ரோல் சரியாக எரியவில்லை. இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தருவது) மூன்றாவதற்கு மாற்றி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, வேலை முடிந்தது. வராவிட்டால் பிளக்கையும் அதே மாதிரி இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு அந்தச் சிலிண்டரின் கம்ப்ரஷனை (காற்றை அழுத்தும் திறனை) சோதியுங்கள். இத்தனையும் சரியாக இருந்து மிஸ்ஃபயர் அதே சிலிண்டரில் நின்றால்தான் இன்ஜெக்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

பி0087 வந்தால் இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். டேங்க் பம்ப், ஃபில்டர், கேம்ஷாஃப்ட் ஓட்டும் ஹை பிரஷர் பம்ப், இந்த வரிசையில் பாருங்கள். பி0201 முதல் பி0204 வரை என்றால் இன்ஜெக்டரின் மின்சாரப் பக்கம், முதலில் கனெக்டரையும் வயரையும் பாருங்கள்.

காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது, முதல் புகை கறுப்பாக வருகிறது, ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்றால் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று சந்தேகிக்கலாம். ஹை பிரஷர் பம்ப் கசிந்தாலும் ஆயிலில் பெட்ரோல் கலக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

கழற்றாமல் ஒரு முயற்சி

பாலிஈதர்அமீன் உள்ள கிளீனரை டேங்கில் ஊற்றி, அதன் மேல் பெட்ரோலை நிரப்பி ஓட்டுங்கள். அடுத்த ஆயில் மாற்றத்துக்குச் சற்று முன்பு செய்வது நல்லது. லேசான கரிக்கு இது வேலை செய்யும். புட்டியில் அந்தப் பெயர் இல்லாத கிளீனரை நான் வாங்குவதில்லை. ஆனால் இன்டேக் வால்வில் படிந்த கரி இதனால் போகாது, பெட்ரோல் அந்த வால்வைத் தொடுவதே இல்லையே! அதற்கு காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்நட் ஓட்டுத் தூளை அடித்துச் சுத்தம் செய்வார்கள், அது தனி வேலை.

அழுத்தத்தை இறக்குவது

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டேங்க் பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும் வரை ஐடிலில் விடுங்கள். ரெயில் அழுத்தம் இறங்கிவிட்டதா என்று ஸ்கேனரில் பாருங்கள், அப்புறம் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றிப் பிடித்துத்தான் பைப் நட்டைத் தளர்த்த வேண்டும். இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. இந்த அழுத்தத்தில் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிக்குத்து மாதிரி சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம் அது.

இன்ஜெக்டரை எட்ட மேனிஃபோல்டை எடுத்ததும், திறந்திருக்கும் காற்றுத் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். கரியில் ஒட்டிக்கொண்ட இன்ஜெக்டரை புல்லர் வைத்து இழுங்கள், பிளாஸ்டிக் கனெக்டரைப் பிடித்து நெம்பாதீர்கள். எது எந்தச் சிலிண்டர் என்று எழுதி வையுங்கள்.

டெஃப்லான் சீல்

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. முனையில் இருக்கும் அந்த மெல்லிய டெஃப்லான் வளையத்தை, ஒரு முறை கழற்றினால் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதைப் பள்ளத்தில் கீறல் விழாமல் வெட்டி எடுத்து, பள்ளத்தில் இருக்கும் கரியைத் துடையுங்கள். முனைத் துளைகளில் கம்பிப் பிரஷ் படவே கூடாது.

புது சீலை நகத்தால் இழுத்து மாட்ட நினைக்காதீர்கள், கோணல் மாணலாக விரியும். கூம்பு வடிவக் கருவியின் மேல் வைத்து, தள்ளும் குழாயால் ஒரே சீராகத் தள்ளிப் பள்ளத்தில் இறக்குங்கள். இப்போது சீல் விரிந்து பெருத்திருக்கும், இப்படியே ஹெட்டில் சொருகினால் விளிம்பில் கிழியும். அளவுக் குழாயை லேசாகத் திருகியபடி அதன் மேல் ஏற்றி, கொஞ்ச நேரம் விட்டால் பழைய அளவுக்குச் சுருங்கும். டெஃப்லானில் எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவக் கூடாது, மேலே இருக்கும் ரப்பர் ஓ-ரிங்குக்கு மட்டும் துளி சுத்தமான ஆயில். ஹெட்டில் இன்ஜெக்டர் உட்காரும் துளையையும் நைலான் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். விலை உயர்ந்த ஸ்கேனருக்குச் செலவழிப்பதைவிட, உங்கள் இன்ஜின் வகைக்கான சீல் கருவிப் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

சோதனையும் மாட்டுவதும்

காயிலின் காந்த விசையால் திறக்கும் சோலனாய்டு வகை இன்ஜெக்டரில் மின்தடை பெரும்பாலும் 1 முதல் 2 ஓம்தான். ஒன்று மட்டும் மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் கவனியுங்கள். மின்சாரம் பட்டால் விரியும் படிகத்தால் இயங்கும் பீசோ வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பேட்டரி 12 வோல்ட்டை நேராகக் கொடுத்து "டிக்" கேட்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தை இங்கே வேண்டாம், இன்ஜெக்டருக்குள் இருக்கும் காயில் எரிந்துபோகும். அல்ட்ராசோனிக் சுத்தத்துக்குக் கொடுப்பதென்றால், அவர்களுடைய சோதனை பெஞ்ச் டைரக்ட் இன்ஜெக்டருக்கு ஏற்றதா என்று முதலில் கேளுங்கள்.

ஹை பிரஷர் பைப்பைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். முறுக்கு அளவை மேனுவலில் பார்த்து டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள்.

பின்சேர்க்கை: மாட்டிய பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பம்ப் ஃபியூஸைத் திரும்பப் போட்டீர்களா? போட்டிருந்தால், சாவியைச் சில முறை ஆன் செய்து ஆஃப் செய்யுங்கள், லைனில் இருக்கும் காற்று போகும். சீலெல்லாம் சரி, ஆனாலும் ஐடில் உதறுகிறது என்றால், கம்ப்யூட்டர் பழைய இன்ஜெக்டருக்காகக் கற்றுக்கொண்ட ஃபியூல் டிரிம் (பெட்ரோல் அளவுத் திருத்தம்) அளவுகளை ஸ்கேனரில் ரீசெட் செய்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். புது இன்ஜெக்டர் போட்டவர்கள் அதன் உடலில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோட் அச்சிட்டிருக்கிறதா என்று மாட்டும் முன்பே பார்த்துக் குறித்து வையுங்கள். சில வண்டிகளில் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், மேனிஃபோல்டை மாட்டிவிட்டால் அந்த எழுத்து கண்ணுக்கே தெரியாது.