சிக்கு விழுந்த எக்ஸ்டென்ஷன் முடியைச் சரிசெய்த விதம்

கிளிப் வைத்து மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் (சவுரி மாதிரி சேர்த்து மாட்டும் முடி) என்னுடையது, அசல் மனித முடி. சில மாதத்தில் நுனி சொரசொரப்பாகி, கழுத்தில் உரசும் இடமெல்லாம் சிக்கு விழுந்துவிட்டது. தலையில் வளரும் முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை இறங்கும். வெட்டியெடுத்த முடிக்கு அது கிடையாது. நாம் கொடுத்தால்தான் உண்டு.

முதலில் நனைக்காமலேயே சிக்கெடுத்தேன். ஈர முடியை இழுத்தால் நீண்டு அறுந்துவிடும். முடியைச் சேர்த்துத் தைத்திருக்கும் தையல் பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே போனேன். அவசரப்பட்டால் தையலிலிருந்து கொத்தாக உருவிக்கொண்டு வந்துவிடும். பொறுமை வேண்டிய இடம் இதுதான். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், சல்பேட் இல்லாத ஷாம்பூ. மேலிருந்து கீழாக மட்டும் தடவி அலசினேன், துணி மாதிரி கசக்கவே கூடாது. கண்டிஷனரை நடுவிலிருந்து நுனி வரை தாராளமாகப் பூசி ஊறவிட்டேன். (டேப் வகை வைத்திருப்பவர்கள் ஒட்டிய இடத்தில் கண்டிஷனரோ எண்ணெயோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை விட்டுவிடும்.)

துண்டில் ஒற்றி, நிழலில் படுக்கவைத்துக் காயவிட்டேன். தையல் முழுக்கக் காய்ந்த பிறகே பெட்டிக்குள். இப்போது சீப்பு தடையில்லாமல் இறங்குகிறது. நுனி மட்டும் தேறவில்லை, அதை வெட்டிவிட்டேன்.