மூன்று மூச்சில் தண்ணீர்

நபி (ஸல்) அவர்களின் வழிமுறையான சுன்னத்தைப் பேண வேண்டும் என்ற ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. எங்கே தொடங்குவது என்பதில்தான் தடுமாற்றம். தண்ணீரில் தொடங்குங்கள். எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி, வெயிலில் நடந்து அடுக்குமாடி புளோக்குக்கு வந்ததும் போத்தலை ஒரே மடக்கில் கவிழ்க்காதீர்கள். உட்காருங்கள். பிஸ்மில்லாஹ் (அல்லாஹ்வின் பெயரால்) சொல்லி, வலது கையால் எடுத்து, மூன்று தடவையாகக் குடியுங்கள். இடையில் மூச்சுவிடும்போது போத்தலை வாயிலிருந்து விலக்குங்கள். பாத்திரத்துக்குள் மூச்சுவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். முடித்ததும் அல்ஹம்துலில்லாஹ் (எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே).

சிங்கப்பூர் டேக்கா சந்தையில் பிரியாணி வந்த அவசரத்தில் பிஸ்மில்லாஹ் மறந்துவிட்டதா? நினைவு வந்த இடத்தில் 'பிஸ்மில்லாஹி அவ்வலஹு வஆகிரஹு' (தொடக்கத்திலும் முடிவிலும் அல்லாஹ்வின் பெயரால்) சொல்லிக்கொள்ளுங்கள்.

வீட்டில் பிள்ளைகளுக்கு நான் இதைப் பாடமாக நடத்தவில்லை, பார்த்தே பழகிவிட்டார்கள். நான் நின்றபடி குடித்தால் இப்போது சின்ன மகள், "அத்தா, உட்காருங்க" என்கிறாள்.