பிஎச்டி முடித்ததும் அமெரிக்காவில் வேலை: ஓபிடி விண்ணப்பத்தைத் தேதி பிசகாமல் போடுவது எப்படி?

எஃப்-1 மாணவர் விசாவில் பிஎச்டி முடிக்கப்போகிறவர்களுக்கு இது. ஓபிடி என்பது படித்த துறையில் வேலை செய்யக் கிடைக்கும் 12 மாத அனுமதி. ஆர்ஏ (ஆய்வு உதவியாளர்), டிஏ (கற்பித்தல் உதவியாளர்) வேலைகள், வாரம் 20 மணி நேர வரம்பு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்டர்ன்ஷிப்புக்கு முழுநேர சிபிடி (படிக்கும்போதே வெளியில் வேலை செய்யும் அனுமதி) எடுக்கிறவர்கள் மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 12 மாதம் ஆகிவிட்டால் பிஎச்டிக்கான ஓபிடி கைவிட்டுப் போய்விடும்.

1. படிப்பின் முடிவுத் தேதியை உறுதி செய்யுங்கள்

எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. டிஃபென்ஸ் (ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு) முடிந்த பிறகும் திருத்தம் இருக்கும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டியிருக்கும். ஐ-20இல் (பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றுப் படிவம்) எந்த நாளை முடிவாகப் போடுவார்கள் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். டிஎஸ்ஓவிடம் (பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரி) முதலில் இதைக் கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிவுத் தேதி மே 15 என்று வையுங்கள். 90 நாள் முன்பிருந்து, அதாவது பிப்ரவரி 14 முதல் விண்ணப்பிக்கலாம். 60 நாள் பின்பு, ஜூலை 14 கடைசி. ஓபிடி தொடங்கும் நாளும் மே 16க்கும் ஜூலை 14க்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

பலர் இடறுவது சம்பள விஷயத்தில். மே 15உடன் வளாக வேலைக்கான அனுமதியும் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் வரும் 60 நாள் நாட்டில் தங்குவதற்கு மட்டுமே. "அந்தப் பேப்பரை மட்டும் முடித்துக் கொடுங்களேன்" என்று அட்வைசர் கேட்டாலும், ஈஏடி என்னும் வேலை அனுமதி அட்டை வந்து அதில் அச்சிட்ட தொடக்க நாள் வரும்வரை சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. இந்த இடைவெளிக்குக் கையில் பணம் வேண்டும், இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள்.

2. ஓபிடி தொடக்க நாளைத் தேர்ந்தெடுங்கள்

வேலை உறுதியாகிவிட்டதா? முடிவுத் தேதிக்கு மறுநாளையே போடுங்கள். இன்னும் தேடுகிறீர்களா? 60ஆவது நாளை ஒட்டிப் போடுங்கள். ஓபிடியில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம், அந்தக் கணக்கு தொடக்க நாளிலிருந்தே ஓடும்.

3. ஐ-765 (வேலை அனுமதிக்கான விண்ணப்பப் படிவம்)

டிஎஸ்ஓ ஓபிடிக்கான பரிந்துரையைப் பதிந்த 30 நாளுக்குள் விண்ணப்பம் குடியேற்றத் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பரிந்துரையோடு வரும் புது ஐ-20ஐ வாங்கி மேசையில் போட்டு வைக்காதீர்கள். வகை என்று கேட்கும் இடத்தில் சி3பி. தபாலில் அனுப்ப வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து: இணையத்தில் போட்டால் ரசீது எண் உடனே வந்துவிடுகிறது, 30 நாள் கெடு இருக்கும்போது அந்த நிம்மதி பெரிது.

4. ஸ்டெம் நீட்டிப்பு

ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் தகுதியுள்ள துறை என்றால் ஓபிடிக்கு மேல் இன்னும் 24 மாதம் கிடைக்கும். நிறுவனம் ஈ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இணைய அமைப்பு) இருக்க வேண்டும், ஐ-983 பயிற்சித் திட்டத்தில் கையெழுத்திட வேண்டும். வேலைக்குச் சேரும் முன்பே இரண்டையும் கேட்டுவிடுங்கள். சம்பளமில்லாத வேலை இதில் செல்லாது. ஓபிடி காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை 180 நாள் வரை தொடர்ந்து வேலை செய்யலாம்.

பின்சேர்க்கை: ஆய்வேடு மட்டும் மீதமிருக்கும்போதே ஓபிடி எடுக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். எடுக்கலாம். ஆனால் ஓபிடியின் அதே 12 மாதத்திலிருந்துதான் கழியும், அதனால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போகிறவர்களுக்கு: பல்கலைக்கழகங்களின் எச்-1பி வேலை விசாவுக்கு லாட்டரி (குலுக்கல்) கிடையாது, ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். அங்கிருந்து தனியார் நிறுவனத்துக்கு மாறும்போது மட்டும் லாட்டரிக்குள் வர வேண்டியிருக்கும். அந்த லாட்டரியில் தேர்வாகும்வரை ஸ்டெம் நீட்டிப்பு கைகொடுக்கும், அதனால் அது முடியும் தேதியையும் பார்த்துக்கொண்டே போஸ்ட்டாக் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.