வினாவை எழுதிவிட்டு விரிவுரைக்கு வாருங்கள்

புதிதாகப் பணியேற்ற இளம் விரிவுரையாளர்கள் பாடநெறித் திட்டத்தைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். பதினைந்து கிழமைக்குப் பதினைந்து தலைப்புகள் இருக்கும். கற்றல் பேறுகள், அதாவது பாடநெறி முடிவில் மாணவர் எதைச் செய்ய வல்லவராக வேண்டும் என்பவை மட்டும், மீளாய்வுக் குழு கேட்குமே என்று கடைசியில் சேர்த்தவையாக இருக்கும். தாளைத் திருப்பிக் கொடுத்து, "முதலில் பரீட்சை வினாவை எழுதிக்கொண்டு வாரும்" என்பேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு நிலத்தடி நீர் பற்றிய இரண்டு கிரெடிட் பாடநெறி என்று வைத்துக்கொள்ளுங்கள். "மாணவர் நீரின் தரத்தைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால், புரிந்ததா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள்? "கிணற்றின் அளவீடுகளைக் கொண்டு, நீரைக் குடிக்கலாமா என்று தீர்மானித்துக் காரணம் காட்டுவர்" என்று எழுதுங்கள். இதற்குப் புள்ளி போடலாம்.

இனி வினா. இணுவிலில் வெங்காயத் தோட்டத்தருகே ஒரு கிணறு, அரியாலையில் கடலேரிப் பக்கமாக இன்னொன்று. இரண்டிலும் ஆவணியிலும் தையிலும் எடுத்த நைத்திரேற்று, மின்கடத்துதிறன் (நீரின் உப்புத்தன்மையைக் காட்டுவது) அளவுகளை அட்டவணையாகக் கொடுங்கள். எதைக் குடிக்கலாம், ஏன்? இதற்கு விடை எழுத வேண்டிய மாணவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது தெரிய வேண்டும். தோட்டத்துப் பசளையின் நைத்திரேற்று சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்குவதும், அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் உள்ளே ஏறுவதும், மாரிமழை கணக்கை மாற்றுவதும் தெரிய வேண்டும். விரிவுரைத் தலைப்புகள் அங்கேயே வந்துவிட்டன.

செயற்பாடுகளில்தான் பலர் சறுக்குகிறார்கள். புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு பஸ் பிடித்துப் போய், சுற்றி நின்று படம் எடுத்துத் திரும்புவதற்குக் களப்பயணம் என்று பெயர். அங்கே மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். அனுமதி பெற்று, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுத்து, மின்கடத்துதிறனை மாணவரே அளந்து வரைபு வரையட்டும். எந்த ஆழத்தில் கோடு திடீரென வளைகிறது என்று குழுவுக்குள் வாதாடட்டும். பரீட்சை மண்டபத்தில் அவர்கள் செய்யப்போவதும் அளவீட்டிலிருந்து முடிவுக்கு வரும் அதே வேலைதான். கல்வியியலாளர் ஜோன் பிக்ஸ் 1996இல் எழுதிய கட்டுரையின் சாரமும் இதுவே: பேறு, வகுப்பறைச் செயற்பாடு, கணிப்பீடு (பரீட்சை, ஒப்படை போன்றவை) மூன்றும் ஒரே செயலைக் கேட்க வேண்டும்.

நேரக் கணக்கையும் பாருங்கள். இலங்கைத் தகைமைச் சட்டகப்படி ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலங்கள், இரண்டுக்கு 100. விரிவுரைக்கு 30 போனால் மிகுதி 70. அதை "சுயகற்றல்" என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். தத்தம் வீட்டுக் கிணற்றை மாதம் ஒருமுறை அளந்து பதிவேடு வைப்பதை ஒப்படையாகக் கொடுத்தால், அந்த மணித்தியாலங்களுக்கு வேலை கிடைக்கும், வினாவுக்குப் பயிற்சியும் ஆகும்.

பிறகு பேறு, செயற்பாடு, கணிப்பீடு என மூன்று நிரல்களில் அட்டவணை போடுங்கள். பேறு எழுதப்பட்டு மற்ற இரண்டும் வெறுமையாக இருந்தால் அந்தப் பேற்றை வெட்டுங்கள். செயற்பாடு மட்டும் தனியே நின்றால் அதையும் வெட்டுங்கள். அநேகமாக அது உங்கள் கலாநிதிப் பட்ட ஆய்வாகத்தான் இருக்கும். மூன்று கிழமையைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கருத்தரங்கு வையுங்கள். தேநீரும் வடையும் இருந்தால் பிள்ளைகள் வருவார்கள்.