எப்போது வாய்க்காலைத் திறப்பது? பைப் துண்டு சொல்லும்

நாலு அங்குல பிவிசி பைப்பில் ஒரு அடி வெட்டி, கீழ்ப் பாதியில் சுற்றிவரத் துளை போட்டு, அந்தப் பாதியை வரம்போரமாக நெல் வயலுக்குள் புதைத்து, உள்ளே நிற்கும் சேற்றை வழித்து எடுத்துவிடுங்கள். விதைத்து மூன்று வாரம் கழிந்ததும், பைப்புக்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீற்றர் இறங்கும் வரை வாய்க்காலைத் திறக்கவே வேண்டாம், இறங்கியதும் வயலில் மண்ணுக்கு மேலே 5 சென்டிமீற்றர் தண்ணீர் கட்டினால் போதும்.

மேலே மண் காய்ந்து மயிர்வெடிப்பு தெரிந்தாலும் வேர் நிற்கும் ஆழத்தில் ஈரம் இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாததால்தான் பயந்து பயந்து நிரப்புகிறோம், சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் அப்படியே வடிச்சலுக்குப் போகிறது.

தண்டுக்குள் கதிர் திரளும் குடலைப் பருவத்திலிருந்து பூத்து முடியும் வரை இது சரிவராது, அப்போது வயலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும். வாவியோர உவர் நிலத்திலும், தண்ணீரைச் சட்டென்று இழுக்கும் மணல் தரையிலும் வேண்டாம். உன்னிச்சை, நவகிரி மாதிரிக் குளங்களின் கீழே முறைத் தண்ணீர் என்றால், உங்கள் முறை வரும் நாளில் பைப்பைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் தண்ணீரை எடுத்துவிடுங்கள். அப்புறம், களையை முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே அடக்கிவிட வேண்டும், காயவிட்டால் அதுதான் முந்தும்.