லேப்டாப்போடு வந்த அப்டேட் மென்பொருளை நீக்குவது எப்படி?

புது விண்டோஸ் லேப்டாப்பை ஆன் செய்ததுமே நாம் கேட்காத பல மென்பொருள்கள் அதில் இருக்கும். அவற்றில் முதலில் கவனிக்க வேண்டியது, தயாரித்த நிறுவனமே போட்டு அனுப்பும் அப்டேட்டர். திரையின் மூலையில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் தொல்லையோடு அது நிற்பதில்லை. கம்ப்யூட்டரின் உச்ச அதிகாரத்தோடு பின்னணியில் ஓடும். நம்மைக் கேட்காமலே கோப்புகளை இறக்கி நிறுவவும் அதனால் முடியும். அதில் ஓட்டை இருந்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் அடுத்தவர் கைக்குப் போய்விடும்.

2016-ல் டுயோ செக்யூரிட்டி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஏசர், அசுஸ், டெல், எச்.பி., லெனோவோ ஆகியவற்றின் அப்டேட்டர்களைச் சோதித்தார்கள். ஐந்திலுமே அப்படிப்பட்ட ஓட்டை இருந்தது. தன்னுடைய 'ஆக்சிலரேட்டர் அப்ளிகேஷ'னை நீக்கிவிடும்படி லெனோவோவே அறிவித்தது. 2018-ல் அசுஸின் அப்டேட்டரான 'லைவ் அப்டேட்' வழியாக, அந்த நிறுவனத்தின் அசல் டிஜிட்டல் கையெழுத்தோடே தீம்பொருள் பரவியது. அடுத்த மார்ச்சில் ஆன்டிவைரஸ் நிறுவனமான காஸ்பர்ஸ்கி அதை வெளியே சொல்லும்வரை, அப்டேட் செய்தவர்களுக்குச் சந்தேகப்பட வழியே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ரீஸ்டோர் பாயின்ட்

ஸ்டார்ட் மெனுவில் 'ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடினால் 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' பக்கம் திறக்கும். சி டிரைவுக்கு எதிரே 'ஆஃப்' என்றிருந்தால் 'கான்ஃபிகர்' போய் ஆன் செய்துவிட்டு, 'கிரியேட்' அழுத்துங்கள். தவறானதை நீக்கிவிட்டால் திரும்பி வர இதுதான் வழி. தயவுசெய்து இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: எது யாருடையது?

கண்ட்ரோல் பேனலில் 'புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்' திறந்து, மேலே 'பப்ளிஷர்' என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். ஒரே நிறுவனத்தின் மென்பொருள்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். உங்கள் லேப்டாப் பிராண்டின் பெயரில் இருப்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரில் அப்டேட், அசிஸ்ட், அனலிட்டிக்ஸ் போன்ற சொற்கள் இருந்தால் தனியாகக் குறியுங்கள்.

எல்லாவற்றையும் தூக்கிவிடக் கூடாது. டச்பேட், ஆடியோ, சிப்செட், ஹாட்கீ என்று இருப்பவை, லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் டிரைவர்கள். அவற்றில் கை வைக்காதீர்கள். லெனோவோ வான்டேஜ், மைஅசுஸ் இரண்டும் பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறாமல் பாதியில் நிறுத்தும் வசதியைத் தருகின்றன. லேப்டாப்பை எந்நேரமும் பிளக்கிலேயே வைத்திருப்பவர் என்றால் அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்குவதே நல்லது என்பேன்.

படி 3: நீக்குதல்

குறித்து வைத்ததன் மேல் ரைட் கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். ஸ்டோர் வழியாக வந்த ஆப்கள் இந்தப் பட்டியலில் தெரியாது. அவற்றுக்கு செட்டிங்ஸ், ஆப்ஸ், 'இன்ஸ்டால்ட் ஆப்ஸ்' என்று போக வேண்டும். வான்டேஜ் ஆப்பை நீக்கினாலும், பின்னணியில் ஓடும் 'வான்டேஜ் சர்வீஸ்' தனியாகத் தங்கிவிடலாம். அதையும் பார்த்து எடுங்கள். அப்புறம் ஒருமுறை ரீஸ்டார்ட்.

படி 4: மிச்சம் மீதி

'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து இடப்பக்க லைப்ரரியில் நிறுவனத்தின் பெயரில் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் நீக்கிய மென்பொருளின் வேலை இன்னும் அங்கே இருந்தால் 'டிசேபிள்' செய்தால் போதும், அழிக்க வேண்டாம். அடுத்து 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' திறந்து, 'சர்வீசஸ்' பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். நீக்கியதன் பெயர் மிச்சமிருக்கும் பட்டியலில் தெரிந்தால், அதற்கு முன்னால் உள்ள டிக்கை மட்டும் எடுங்கள்.

திரும்பத் திரும்ப வருகிறதா?

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் சில மென்பொருள்கள் மறுபடி முளைக்கும். விண்டோஸ் 8-லிருந்து, பயாஸுக்குள் (ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) இருக்கும் ஒரு புரோகிராமை விண்டோஸே எடுத்து ஓட்டும் வசதி இருப்பதுதான் காரணம். லெனோவோவின் சில மாடல்களில் 'சர்வீஸ் என்ஜின்' இப்படித்தான் வந்தது. எதிர்ப்புக்குப் பின் 2015-ல் அதை நீக்கும் பயாஸை அந்த நிறுவனம் வெளியிட்டது. அசுஸ் மதர்போர்டுகள் பலவற்றில் 'ஆர்மரி கிரேட்' என்ற அசுஸ் மென்பொருளை இறக்குவதற்கான ஆப்ஷன் பயாஸின் 'டூல்' பக்கத்திலேயே இருக்கும். ஆன் செய்யும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி உள்ளே போய் அதை 'டிசேபிள்' ஆக்குங்கள்.

இனி அப்டேட்?

பெரும்பாலான டிரைவர்கள் விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடும், அதை நிறுத்திவிடாதீர்கள். பயாஸ் அப்டேட் தேவைப்பட்டால் நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து நீங்களே இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முன் சார்ஜரைச் செருகுங்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீயையும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எழுதி எடுத்து வையுங்கள், ஏனென்றால் பயாஸ் மாறியதும் சில லேப்டாப்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும்.