கணிப்பை முதலில் எழுத வையுங்கள்: தொடக்க வகுப்புக்கு அறிவியல் எடுப்போருக்கான செய்முறை

தொடக்க வகுப்புக்குப் புதிதாக அறிவியல் எடுக்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது, “என்ன சோதனை செய்து காட்டலாம்?” என்றுதான். சோதனைகளுக்குப் பஞ்சமே இல்லை. சோதனைக்கு முந்திய ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறோம் என்பதில்தான் பாடம் நிற்கிறது அல்லது விழுகிறது. எந்தக் குழந்தையும் வெறும் மனதோடு வகுப்புக்கு வருவதில்லை. நிலா ஏன் தேய்கிறது, செடி எதைத் தின்கிறது என்பதற்கெல்லாம் அதனிடம் ஏற்கெனவே ஒரு விடை இருக்கிறது. அந்த விடையை வெளியே எடுக்காமல் நாம் சொல்லும் சரியான விடை, தேர்வு வரை ஒட்டிக்கொண்டிருந்து பிறகு உதிர்ந்துவிடும்.

படி 1: பாடத்தைக் கேள்வியாக்குங்கள்

‘தாவரங்கள்’ என்பது தலைப்பு. ‘விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா?’ என்பது கேள்வி. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி போதும். அதற்கான சோதனையை முந்தின நாளே நீங்கள் தனியாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

படி 2: கணிப்பு, அதுவும் பேனாவில்

நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் ‘நான் நினைத்தது’, வலப்பக்கம் ‘நான் பார்த்தது’. எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும். இடப்பக்கத்தைப் பேனாவில் எழுதச் சொல்லுங்கள். பென்சில் கொடுத்தால், முடிவு தெரிந்ததும் பாதி வகுப்பு அழித்துத் திருத்திவிடும். கணிப்பு தவறினால் மதிப்பெண் குறையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

படி 3: செய்து பார்ப்பது

இயற்பியலில் தொடங்குவது எளிது, முடிவு உடனே கண்ணுக்குத் தெரியும். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் முக்கால் அளவு தண்ணீர், ஒரு எலுமிச்சை அளவு பிளாஸ்டிசின் களிமண். உருண்டையாகப் போட்டால் மூழ்கும். “ஏன் மூழ்குச்சு?” என்று கேளுங்கள். “கனமா இருக்கு, அதான்” என்று எல்லாரும் சொல்வார்கள். அதே களிமண்ணை எடுத்துத் துடைத்து, மெல்லிய விளிம்புள்ள கிண்ணமாக்கி மிதக்கவிடுங்கள். இப்போது வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியில் நீங்கள் பேசிவிடாதீர்கள்.

“கொஞ்சம் களிமண்ணை எடுத்துட்டீங்க!” என்று யாராவது எழுந்து குற்றம் சாட்டினால், தராசில் நிறுத்துக் காட்டுங்கள். எடை அதேதான். பிறகு, உருண்டை மூழ்கிக் கிடக்கும்போதும் கிண்ணம் மிதக்கும்போதும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாத்திரத்தின் வெளியே மார்க்கரால் கோடு போடுங்கள். கிண்ணம் மிதக்கும்போதுதான் கோடு உயரத்தில் இருக்கும். குழி விழுந்த வடிவம் அதிகத் தண்ணீரைத் தள்ளுகிறது, தள்ளப்பட்ட தண்ணீர் கிண்ணத்தைத் தாங்குகிறது. ‘அடர்த்தி’ என்ற சொல்லை அன்றே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இரண்டு கோடுகளும் நினைவில் நின்றால் போதும்.

உயிரியலுக்கு அவரை அல்லது பயறு விதைகள். ஈரப்பஞ்சு வைத்த இரண்டு டம்ளர்களில் ஒன்று ஜன்னலோரம், மற்றது இருட்டான அலமாரிக்குள். இருட்டில் முளைக்காது என்றுதான் பெரும்பாலான குழந்தைகள் எழுதுவார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதுவும் முளைத்திருக்கும், ஜன்னலோரச் செடியைவிட உயரமாகக்கூட நிற்கும். ஆனால் வெளிறி, மஞ்சளாக, தண்டு துவண்டிருக்கும். முளைக்கத் தேவையான உணவு விதைக்குள்ளேயே இருக்கிறது; வெளிச்சத்தைத் தேடித்தான் அது அப்படி நீள்கிறது. உயரமாக இருப்பதாலேயே ஒரு செடி நலமாக இருக்கிறது என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியில் ஒரு வகுப்பு நேரம் முழுவதும் ஓடிவிடும்.

“செடி மண்ணைத் தின்னுதான் வளருது” என்று ஒரு குழந்தை சொன்னால், பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளர் வான் ஹெல்மான்டின் கதையைச் சொல்லுங்கள். ஒரு தொட்டி மண்ணை நிறுத்து, அதில் ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 70 கிலோவுக்கு மேல் எடை கூடியது. மண்ணோ 60 கிராம் அளவுக்குத்தான் குறைந்தது. அவர் இறந்தபின் 1648இல் வெளியான நூலில் இது இருக்கிறது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். காற்றுக்கும் பங்கு உண்டு என்பது அவருக்குப் பிடிபடவில்லை. இவ்வளவு கவனமாக அளந்தவரின் முடிவும் பாதிதான் சரி என்று தெரியும்போது குழந்தைகள் முகத்தில் ஒரு தெம்பு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

புவியியலுக்கு ஒரு ஜாடி மண் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதித் தண்ணீர், மூடிக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் அமரும், வண்டல் சில மணி நேரத்தில், களி சில நாட்களில். ஆற்றின் அடியில் படிவுகள் அடுக்கடுக்காகச் சேர்வதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

விண்வெளிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். நிலா ஏன் தேய்கிறது என்று வரையச் சொன்னபோது என் மாணவி ஒருத்தி, நிலாவின் மேல் பூமியின் நிழலைக் கருப்பு மையால் அழுத்தி அழுத்தித் தீட்டினாள். பெரியவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. வளர்பிறை எட்டாம் நாள் வாக்கில், பிற்பகல் நான்கு மணிக்கு எல்லாரையும் வெளியே அழைத்துப் போனேன். கிழக்குப் பக்க வானில் அரை நிலா, மேற்கே சூரியன். (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.) “சூரியனும் நிலாவும் ரெண்டும் மேலே இருக்கே, பூமி எப்படி நடுவுல போகும் டீச்சர்?” என்று அவளே கேட்டாள்.

விளக்குச் சோதனை அதற்கு அடுத்த நாள். இருட்டறையில் மூடியில்லாத ஒரு பல்பு. குச்சியில் செருகிய வெள்ளைப் பந்தைக் குழந்தை கைநீட்டி, தலைக்குச் சற்று மேலே பிடிக்கட்டும். தலைதான் பூமி. விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட பக்கம் தெரியும்: அமாவாசை. மெல்ல இடப்புறமாகத் திரும்பத் திரும்ப, பிறை, அரை நிலா, விளக்குக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. பந்தின் பாதி எப்போதும் வெளிச்சத்தில்தான் இருக்கிறது, நமக்குத் தெரியும் பங்குதான் மாறுகிறது. பந்தைத் தாழ்த்தினால் தலையின் நிழல் அதன்மேல் விழும். அது சந்திர கிரகணம். மாதாமாதம் ஏன் கிரகணம் வருவதில்லை என்று கேட்டால், பூமி சூரியனைச் சுற்றும் பாதையைவிட்டு நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதைச் சொல்லலாம்.

நேரமிருந்தால் தூரத்தையும் காட்டுங்கள். பூமிக்குக் கூடைப்பந்து, நிலாவுக்கு டென்னிஸ் பந்து. எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று குழந்தைகளையே நிற்கச் சொன்னால் ஓரடி, இரண்டடி தள்ளி நிற்பார்கள். சரியான இடைவெளி சுமார் 7 மீட்டர், ஏனென்றால் நடுவில் ஏறத்தாழ 30 பூமிகளை வரிசையாக வைக்கலாம்.

படி 4: இடப்பக்கத்துக்குத் திரும்புங்கள்

கணிப்பு பொய்த்த குழந்தையிடம் “தப்பு” என்று சொல்லாமல், “எதைப் பார்த்து அப்படி நினைச்ச?” என்று கேளுங்கள். பழைய கணிப்பை அடிக்காமல், அதன் கீழே தேதி போட்டு, இப்போது நினைப்பதை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டுமானால் இந்த இரண்டாவது குறிப்புக்கு, அதிலும் ‘ஏனென்றால்’ என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதற்குப் போடுங்கள்.

நிலாப் பாடத்தை எடுக்கும் முன் ஒரு மாதமாவது குழந்தைகள் வானத்தைப் பார்த்து வரைந்திருந்தால் நல்லது, ஒரு சுற்றுக்கு 29½ நாள் ஆகும். மூன்றாம் பிறையன்று தொடங்குங்கள். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் மேற்கே, தாழ்வாகத் தெரியும்.